மாமாவின் பேரில்

செவ்வாய் இரவு, காசி

படிக்க வந்த களைப்பு ஆறுறதுக்கு முதலே இண்டைக்குக் கங்கைக்கரைக்குப் போனனான். சண்டையிலை காணாமல்போன மாமாவின்ரை பேரிலை அர்ச்சனை செய்யச் சொல்லி அம்மா கேட்டவ. மெல்பேர்னிலை கேரம் டவுன்ஸ் கோயிலிலும் வருசாவருசம் தன்ரை தம்பியின்ரை நட்சத்திரத்துக்குச் செய்விக்கிறவ. உயிரோடை இருக்கிறவைக்குத்தானே அர்ச்சனை.

படித்துறையிலை ஒரு ஐயர் ஹிந்தியிலை பேர் கேட்டார். மாமாவின்ரை பேரைச் சொன்னன். கையிலை எள்ளைப் போட்டுத் தண்ணி விட்ட பிறகுதான், இது செத்தவைக்குச் செய்யிறது எண்டு விளங்கிச்சு. நான் கையை இழுக்கேல்லை.

மெல்பேர்னிலை இப்ப நடுச்சாமம். அம்மா நித்திரை கொள்ளாமல் இருந்து போன் எடுத்தவ.

"செய்தனியோ?"

"ஓம் அம்மா."

"இனி அவன் எங்கையிருந்தாலும் நல்லாயிருப்பான்."

கை கழுவிப்போட்டுத்தான் எழுதிறன். நகத்துக்குள்ளை ஒரு எள் இன்னும் கிடக்கு.