செம்பி விழுங்கிய ஜரிகை

2024 ஆகஸ்ட் 5, திங்கள்

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல, மருமகள் சுகாசினி எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகப் பேச்சாக்கிக்கொள், நான் திட்டுவதை மட்டும் மாற்றாதே என்று சொல்லியிருக்கிறேன்.

இன்றைக்கும் தறியடியில் ஜரிகைத் துண்டு. மகன் ஜெபகுமாரிடம் சொன்னேன்: "மூடி போட்ட டப்பால போடுடா. செம்பி முழுங்கினா போச்சு."

செம்பி எங்கள் பூனை. எலி வந்து தறியில் நீளவாட்டில் ஏற்றிய பாவு நூலைக் கடிக்காமல் காப்பது அவள்தான்.

"சும்மா இரு நைனா. எது மீனு எது நூலுன்னு அதுக்குத் தெரியாதா?"

தெரியாதுதான். பூனை நாக்கு முள்முள்ளாக இருக்கும்; வாய்க்குள் போன நூலை அதற்குத் துப்ப வராது. பெருவெள்ளம் வந்த வருஷம் எதிர்வீட்டு வீரபத்திரனின் பூனைக்குட்டி அப்படித்தான் செத்தது. பின்னால் தொங்கிய நூலை அவன் பிடித்து இழுத்தான். பக்கத்தில் நின்றவன் இதே ஜெபகுமார். மறந்துவிட்டான். எனக்கு அந்த நூலின் நிறம்கூட நினைவிருக்கிறது. கிளிப்பச்சை.

ஆகஸ்ட் 6

செம்பி சாப்பிடவில்லை. வாந்தி. தலையை உதறிக்கொண்டே இருக்கிறாள். "வெயிலுக்கு நைனா" என்கிறான். ஆமாம், உன் மூளையில் அடித்த வெயில்!

ஆகஸ்ட் 7

நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஜெபகுமார் செய்துவிட்டான்.

செம்பி வாயோரம் ஜரிகை நுனி தெரிந்திருக்கிறது. தறிக்காரன் கை அது. அறுந்த இழையின் நுனியைக் கண்டால் பிடித்து இழுக்காமல் அந்தக் கையால் இருக்க முடியாது. இழுத்திருக்கிறான். அவள் கத்தியது தெருமுனையில் எனக்குக் கேட்டது. ஓடி வந்தேன்.

"வுட்றா! கைய எடுறா! பாவுன்னு நெனச்சியா? உயிருடா அது!"

பக்கத்து வீட்டு மணிவண்ணன் எட்டிப் பார்த்து, "வாழப்பழம் குடு பெருசு, வழுக்கினு வந்துரும்" என்றான்.

"நீ துன்னுட்டுப் போய்ப் படுடா."

சுகாசினி பேனாவை நிறுத்துகிறாள். ஏம்மா நிறுத்துகிறாய்? உன் புருஷன்தான், இருக்கட்டும். எழுது — முட்டாப் பய. எழுதினாயா?

ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினோம். மிருக டாக்டரம்மா வாயைத் திறந்து பார்த்தார்.

"ஒரு பக்கம் நாக்குக்கு அடியில சுத்தி மாட்டியிருக்கு, மறுபக்கம் குடலுக்குள்ள போயிருக்கு. இழுத்தா நூலே கத்தி மாதிரி குடலை அறுத்துரும் பெரியவரே. தொங்கினா தொங்கட்டும்னு விட்டுட்டு உடனே தூக்கிட்டு வரணும். யாரு இழுத்தது?"

ஜெபகுமார் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை.

வயிற்றைத் திறந்தாக வேண்டுமாம். பிழைப்பாள் என்று சொல்ல முடியாதாம்.

ஆகஸ்ட் 8

குடலில் இரண்டு இடத்தில் கிழிசல். தைத்திருக்கிறார்கள். இன்னும் தலை தூக்கவில்லை.

ஜெபகுமார் தறியில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எனக்கென்ன, உட்காராவிட்டால் எனக்கென்ன? அவனோடு பேச்சில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. பாஸ்டர் மன்னிப்பைப் பற்றிப் பேசுவார். இன்றைக்கு அதைக் கேட்கிற காது எனக்கில்லை.

ஆஸ்பத்திரியில் செம்பி ஏதோ கொஞ்சம் நக்கினாளாம்.

ஆகஸ்ட் 14

வீட்டுக்கு வந்துவிட்டாள். மழித்த வயிறு, தையலை நக்காமலிருக்கக் கழுத்தைச் சுற்றிப் புனல்.

சுகாசினி ஊசி, நூல்கண்டு எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடிவிட்டாள். ஜெபகுமார் துடைப்பமும் கையுமாகத் தறிக்கடியில் குனிந்தே கிடக்கிறான். "இப்பப் பெருக்கு, நல்லாப் பெருக்கு" என்றேன், சுவரைப் பார்த்து.

ஆகஸ்ட் 20

தையல் பிரித்தாயிற்று, புனலையும் எடுத்தாயிற்று. முள் நீக்கிய மீனை என் பாயருகில் வைத்துக் கூப்பிட்டேன். செம்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நேராகத் தறிக்குப் போனாள். தறிக்கடியில் கால் மிதிக்கும் குழிக்குள் இறங்கி, நெய்துகொண்டிருந்த ஜெபகுமாரின் பாதத்தின்மேல் படுத்துக்கொண்டாள்.

அவன் அசையவில்லை. மெல்லச் சொன்னான்: "நைனா, மிதிக்க முடியல. தூக்கேன் அத."

"கெடக்கட்டும்" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

"அப்ப தறி?"

"நிக்கட்டும்."

எனக்கு இன்னும் ஆறவில்லை. குடல் கிழிந்தவளுக்கு ஆறிவிட்டது.