அதிகாலை 2.42

மார்ச் 3, செவ்வாய்

மாமாவின் கம்ப்யூட்டர் போயே போய்விட்டது. நான்கு நாளாகப் பொத்தானை அழுத்தினால் மூச்சிரைக்கிற மாதிரி ஒரு சத்தம், பிறகு கறுப்புத் திரை. இன்று ரிப்பேர்க் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் திருகாணிகளைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "பெட்டி செத்துப்போச்சுக்கா. டிஸ்க்கு மட்டும் உயிரோட இருக்கு" என்றார். அதை உருவி ஒரு சின்னக் கூட்டில் போட்டு, வயர் மாட்டிக் கொடுத்தார். வீட்டில் சும்மா கிடந்த லேப்டாப்பில் ஏதோ இலவச சிஸ்டமும் ஏற்றித் தந்தார்.

"இது வேற சிஸ்டமாச்சே, அந்த டிஸ்க்கைப் படிக்குமா?" என்று கேட்டேன்.

"அது ரொம்பப் பழைய காலத்து முறையில எழுதுற டிஸ்க்குக்கா. எல்லா சிஸ்டமும் படிக்கும். கெழவன் பேச்சு யாருக்குத்தான் புரியாது?"

மாமா காதில் விழுந்திருந்தால் அந்த ஆள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். மாமனார் போய்ச் சேர்ந்து மூன்றரை மாதம் ஆகிறது.

வீட்டுக்கு வந்து சொருகினேன். எல்லாம் இருக்கிறது. படங்கள், மாமா இரண்டு விரலால் தட்டிய கடிதங்கள், நான் எழுதிய மருந்துக் கணக்குகள். இறைவா, உனக்கு நன்றி.

மார்ச் 5, வியாழன்

இவருடைய அண்ணன் வெளிநாட்டிலிருந்து பேசினார். தம்பியிடம் அல்ல, என்னிடம். தம்பி வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்.

"அப்பா எழுதினதாச் சொன்ன அந்தக் கடுதாசி, அது எப்ப எழுதினதுன்னு கம்ப்யூட்டர்ல தேதி இருக்கும்ல? பாத்துச் சொல்லும்மா."

அந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம். 'என் உடம்பை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிடுங்கள். நேரம் கடத்த வேண்டாம். பெரியவனுக்காகக் காத்திருக்காதீர்கள், அவன் எப்போதும் லேட்.' கையெழுத்து இல்லை. கை நடுங்குகிற மனுஷன் எங்கே கையெழுத்துப் போடுவார்.

மாமா நவம்பர் பதினேழாம் தேதி இரவு ஒன்பது இருபதுக்கு, வீட்டிலேயே, உறக்கத்தில் போனார். மறுநாள் காலை ஏழு மணிக்கு இவர் கடிதத்தைக் காகிதத்தில் எடுத்து வந்து, "அப்பா எழுதி வச்சிருக்காரு" என்றார். பத்து மணிக்குக் கல்லூரி வண்டி வந்தது. அண்ணன் மாலை ஐந்துக்கு வந்து சேர்ந்தார். காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவர் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியேம்மா" என்றார் இன்று. பாவம். தேதியைப் பார்த்துச் சொன்னால் மனம் ஆறும். நாளை பார்க்கிறேன்.

மார்ச் 6, வெள்ளி

நவம்பர் 18. அதிகாலை 2.42.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். லேப்டாப்பை அணைத்துப் போட்டுப் பார்த்தேன். அதே 2.42.

மாமா போய் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு!

அந்த நேரத்தில் நான் உள்ளே அவர் தலைமாட்டில் ஜெபித்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தது இவர் ஒருவர்தான். தட்டுகிற சத்தம் கேட்டது. சொந்தக்காரர்களுக்குத் தகவல் அனுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன். பெற்ற தகப்பன் பேரிலா? அதுவும் உடம்பு ஆறுவதற்குள்ளேயா?

எழுத வரவில்லை.

மார்ச் 7, சனி

கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்காமல் எப்படி இருப்பது?

சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வேலை, நாள் முழுக்க யாரோ ஒருவரிடம் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. தேதியைச் சொன்னேன். முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஒரு கை சட்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"நானா எழுதினேன்னு கேக்குறியா?"

"கம்ப்யூட்டர் அப்படிக் காட்டுதுங்க."

"கம்ப்யூட்டர் கெடக்கட்டும். நீ என்ன நெனைக்கிற?"

நான் பதில் சொல்லவில்லை. ஒரு நொடிதான் இருக்கும். அந்த ஒரு நொடியை அவர் பார்த்துவிட்டார்.

"சரி" என்றார். "கேட்டுட்டல்ல. போதும்."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! ஏன் சொல்லவில்லை? குற்றம் இருப்பதாலா, கோபமா?

மார்ச் 8, ஞாயிறு

அண்ணன் மறுபடி கூப்பிட்டார். இன்னும் பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்று காலையிலிருந்தே மனசோடு மல்லுக்கட்டினேன். ஆண்டவன் முன்னால் தினமும் ஜெபிக்கிற வாய். பொய் வரவில்லை. சொல்லிவிட்டேன்.

அந்தத் தேதியை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு, "மொகத்தக்கூடப் பாக்க விடாமப் பண்ணிட்டானே. பாவி. என் மொகத்துல இனி முழிக்க வேணாம்னு சொல்லு" என்றார். பெரிய மனுஷர், குழந்தை மாதிரி அழுதார்.

உண்மையைச் சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். எனக்குக் குறையவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

சோறு குழைந்துவிட்டது. எப்போதும் என்றால் வீடு அதிரக் கத்தியிருப்பார் இவர்; இன்று "நல்லா இருக்கு, நன்றி" என்று சொல்லிவிட்டு எழுந்தார். என்னிடம்! நன்றியாம்! அதற்கு ஓங்கி ஒரு அறை கொடுத்திருக்கலாம்.

மார்ச் 12, வியாழன்

இறைவா. இறைவா. ஒழுங்காக எழுதுகிறேன்.

மனம் தறிகெட்டு ஓடினால் கணக்கு நோட்டைப் பிரித்துக்கொண்டு உட்காருவது என் வழக்கம். எண்கள் எனக்கு மருந்து. இன்று மாமாவின் சர்க்கரைக் கணக்கை எடுத்தேன். காலை ஏழுக்கு ஒரு தடவை, மாலை ஏழுக்கு ஒரு தடவை விரலில் குத்திப் பார்ப்பேன். நோட்டில் மணியோடு குறித்து, உடனே கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிடுவேன். ஒரே ஃபைலில் வரிசையாகச் சேர்க்கலாம் என்று அப்போது எனக்குத் தெரியாது. யாரிடமும் போய்ப் படித்ததில்லை, நானாகத் தட்டித் தட்டிக் கற்றதுதான். அதனால் ஒவ்வொரு தடவைக்கும் புதிதாக ஒரு ஃபைல். "பொட்டிய ரொப்பிட்டியேம்மா" என்று மாமா கிண்டல் செய்வார்.

கடைசி ஃபைலைப் பார்த்தேன். நவம்பர் 18, அதிகாலை 3.04.

3.04க்கு மாமா பிணம். பிணத்தின் விரலில் ஊசி குத்தியா சர்க்கரை பார்த்தேன் நான்? அதற்கு முந்தினது: 17ஆம் தேதி பிற்பகல் 3.10. அதற்கு முந்தினது: அதே 17, அதிகாலை 3.06. தினம் தினம் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து கிழவரைக் குத்தியிருக்கிறேனாம்!

நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். நோட்டில் காலை 7.10, டிஸ்கில் பிற்பகல் 3.10. நோட்டில் மாலை 7.04, டிஸ்கில் மறுநாள் 3.04. ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தேன். நூற்று எட்டு ஃபைல். நூற்று எட்டிலும் எட்டு மணி நேரம் கூட.

2.42இல் எட்டைக் கழித்தேன். மாலை 6.42. பதினேழாம் தேதி.

அப்போது நான் பின்னறையில் ஜெபத்தில் இருந்தேன். இவர் வேலையிலிருந்து வந்திருக்கவே இல்லை. ஏழு மணிக்கு ஊசி டப்பாவோடு முன்னறைக்கு வந்தபோது, மாமா கம்ப்யூட்டர் முன்னாலிருந்து எழுந்து, "இந்தா, ஒன் கணக்க எழுதிக்கோ" என்று இடம் விட்டார். அவர் உட்கார்ந்திருந்த சூடு நாற்காலியில் இருந்தது. இது எனக்கு ஏன் ஏழு நாளாக ஞாபகம் வரவில்லை?

இயந்திரம் காட்டியதை நம்பினேன். மனுஷனை நம்பவில்லை.

மார்ச் 13, வெள்ளி

நோட்டோடு ரிப்பேர்க் கடைக்குப் போனேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, ஆமாக்கா. அந்தப் பழைய முறையில சொவத்துக் கடியாரத்துல என்ன மணியோ அதை அப்படியே குறிச்சு வைக்கும். எந்த ஊரு மணின்னு குறிக்காது. இந்தப் புது சிஸ்டம் அதை உலகப் பொது மணின்னு நெனச்சுக்கிட்டு, நம்ம நாடு அதுக்கு எட்டு மணி முன்னால இருக்குல்ல, அந்த எட்டையும் கூட்டிக் காட்டுது. ஒரு வரி மாத்தினாச் சரியாயிடும். நான்தான் கவனிக்கல. எதாச்சும் பிரச்சினையாக்கா?"

"ஒண்ணுமில்ல தம்பி" என்றேன். முதல் தடவையாகப் பொய் தடையில்லாமல் வந்தது.

மாலையில் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். காலைப் பிடிக்கப் போனேன், நகர்ந்துகொண்டார்.

"அப்படியா" என்றார். "கண்டுபிடிச்சுட்டியா? நல்லது."

"அன்னிக்கே இல்லன்னு சொல்லியிருக்கலாமே."

"கேக்குறதுக்கு முன்னாடியே நீ முடிவு பண்ணிட்ட. அப்புறம் நான் சொல்லி என்ன ஆவப்போவுது?"

ஜெபத்தில் உட்கார்ந்தேன். சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 14, சனி

அண்ணனைப் படம் தெரிகிற மாதிரிக் கூப்பிட்டேன். நோட்டைக் காட்டினேன், லேப்டாப்பைக் காட்டினேன். பத்துப் பதினைந்து தேதிகளை என்னைப் படிக்கச் சொல்லி அவரே சரி பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ 'எப்போதும் லேட்'டுன்னு அவரேதான் எழுதினாரா?"

"அவரேதான்."

"திட்டுறதுக்குக் கடைசியா ஒரு தடவ என்னைத்தான் நெனச்சிருக்காரு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறாகிவிட்டது. "அவன்கிட்டக் குடும்மா."

இவர் வாசலில் செருப்புத் துடைத்துக்கொண்டிருந்தார். "கை அழுக்கா இருக்குன்னு சொல்லு" என்றார். சொன்னேன். "கழுவிட்டு வரட்டும், நான் வெய்ட் பண்றேன்" என்றார் அவர். நாற்பது நிமிஷம் போனைக் கீழே வைக்கவில்லை. கடைசியில் இவர் கை கழுவிக்கொண்டு வந்தார்.

என்ன பேசினார்கள் என்று தெரியாது. நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மார்ச் 18, புதன்

இன்னும் நன்றி, பரவாயில்லை, உனக்கு ஏன் சிரமம். வீட்டில் விருந்தாளி இருக்கிற மாதிரி இருக்கிறது.

மார்ச் 22, ஞாயிறு

காலையில் குளித்துவிட்டு வந்தவர் குளியலறை வாசலிலிருந்தே கத்தினார். தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

"துண்டு வெறச்சுப்போய்ப் பலகையாட்டம் கெடக்கு! ஒரு துண்ட அலசத் தெரியல, எட்டு மணி நேரத்தக் கண்டுபிடிச்சுட்டாளாம் பெரிய விஞ்ஞானி!"

ஓடிப்போய்த் துண்டை வாங்கினேன். இரண்டு தடவை அலசி, நன்றாக உதறிக் காயப்போட்டேன். முகத்தையும் அதிலேயே துடைத்துக்கொண்டேன்.