உன் பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி

இன்று காலை பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்த பெண்ணிடமிருந்து உன் பவுடர் வாசனை வந்தது. ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்தவள். எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு ஒரு புதுக் கருவி வந்திருக்கிறது. அதைப் பற்றி மலைக்குக் கீழேயிருந்து ஒருவர் கம்ப்யூட்டர் வழியாகப் பாடம் எடுத்தார். திரைக்கு மேலே கேமரா. அவளும் உன்னைப் போலவே அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். நீ போய் இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

சோளக்காட்டு பஸ் நிறுத்தத்துக்குப் பின்னாலிருந்த நம் வகுப்பறை ஞாபகம் வந்துவிட்டது. நம் ஊரான திண்ணனூர் நாட்டிலிருந்து இரண்டு பேரும் நடந்தே வருவோம். ரத்தப் பரிசோதனைப் படிப்பு. தேறினால் மலையிலேயே வேலை, தவறினால் கீழே கோழிப்பண்ணை என்று உன் வீட்டில் முடிவாகச் சொல்லியிருந்தார்கள். வாத்தியார் கீழே கல்லூரியிலிருந்து திரையில் வருவார். கேமராவில் முகத்தைப் பார்த்து மனசைச் சொல்லும் புரோகிராம் ஒன்றைக் கல்லூரிக்காரர்கள் எழுதி, அதையும் நம்மிடம் சோதித்துப் பார்த்தார்கள். பாடம் விளங்கினால் பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி, குழம்பினால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் வாத்தியார் நிறுத்தி மறுபடி சொல்வார்.

முதல் நாளே இதையெல்லாம் விளக்கிவிட்டார்கள். நீயோ கேமராவை வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி நடத்தினாய். தலைவாரி, பவுடர் பூசி, வகுப்பு முடியும்வரை சிரித்த முகம். விளங்காவிட்டாலும் உனக்குப் பச்சைதானே விழுகிறது என்று ஒருநாள் உன்னைத் திட்டியேவிட்டேன்.

"நமக்கோசரம் தொண்டத்தண்ணி வத்தப் பேசறாரு. மூஞ்சியச் சுளிச்சா அவருக்குச் சங்கடமா இருக்காதா புள்ள?" என்றாய்.

நம் பக்கத்தில் எல்லாருமே அப்படித்தான், வெளியாள் எதிரே முகம் வாட மாட்டார்கள். கல்லூரிக்காரர்களுக்கே அது தெரியாது. அவர்கள் எழுதிய புரோகிராமுக்கு எங்கே தெரியப்போகிறது?

எனக்கோ யோசித்தாலே நெற்றி சுருங்கிவிடும். விளங்கிய பாடத்துக்கும் சிவப்புத்தான். "ஏங்கண்ணு, இன்னொருக்கா சொல்லட்டுமா?" என்பார் வாத்தியார். உடனே நீ மேஜைக்கடியில் என் தொடையைக் கிள்ளுவாய். "உன்ற கடுகடு மூஞ்சி நல்லா இருக்கோணும். அதாலதான் எனக்கு ரெண்டாந்தடவ கேக்கக் கெடைக்குது" என்று காதில் சொல்வாய். விளங்காதபோதெல்லாம் தாவணி முந்தியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்குவது உன் வழக்கம். அதுவும் மேஜைக்குக் கீழேதான் நடக்கும். அங்கே கேமரா கிடையாது.

அப்புறம் எனக்கு அம்மை போட்டது. பரீட்சைக்கு முந்தைய வகுப்புகள் நடந்தபோது நான் வேப்பிலையில் கிடந்தேன். என் நெற்றி இல்லாத அறையில் எல்லாப் பெயருக்கும் பச்சை. வாத்தியார் மகிழ்ந்துபோய்ப் பாடங்களை மளமளவென்று முடித்துவிட்டார். நீ வந்து வாசலிலேயே நின்றாய்.

"ஒண்ணும் ஏறல புள்ள" என்றாய், அதையும் சிரித்துக்கொண்டே.

"வெளங்கலன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சாரு அத்தன சந்தோசமா இருந்தாரு. எப்பிடிச் சொல்றது?"

நான் தட்டுத்தடுமாறித் தேறினேன். நீ தேறவில்லை. மறுபடி எழுத வீட்டில் விடவில்லை. கோழிப்பண்ணைக்குப் போக பஸ் ஏறி, ஜன்னல் வழியாகக் கையசைத்தபோதும் அதே சிரிப்பு. அந்தப் புரோகிராமை எழுதியவர்கள் மேல் வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

போன மழைக்காலத்தில் என் கூடத்துக்கே வந்தாய். "சும்மா அசதி புள்ள" என்று சிரித்தாய். உன் ரத்தத்தை நானே எடுத்தேன். ஒரு கையை எனக்கு நீட்டிவிட்டு, மறு கையால் சேலை முந்தியை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாய். கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்க்கும் முன்பே விஷயம் நல்லதில்லை என்று தெரிந்துவிட்டது. ரத்தப் புற்று. தை பிறக்கும் முன்பே போய்விட்டாய்.

இன்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டிருந்தபோது நான் மேஜைக்கடியில் பார்த்தேன். துப்பட்டா நுனி அவள் விரலில் இறுகியிருந்தது. பாடம் எனக்கு நன்றாகவே விளங்கியிருந்தது. ஆனாலும் கேமராவைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினேன்.

"எனக்கு வெளங்கலீங்க. இன்னொருக்கா சொல்லுங்க."

அவர் முதலிலிருந்து தொடங்கினார். அவள் விரல் துப்பட்டாவை விட்டது. தொடையில் ஒரு கிள்ளு விழும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.