அக்கா துவைத்துப் போட்ட பை

நவம்பர் 12, செவ்வாய். மெர்சிங், மலேசியா.

படுத்தும் தூக்கம் வரவில்லை. மத்தியானம் கடற்கரையிலிருந்து வந்தால், என் முதுகுப்பை வாசல் கொடியில் சொட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கார லெட்சுமி அக்கா துவைத்துப் போட்டிருக்கிறார்.

நாளைக் காலை செனாயிலிருந்து எனக்கு விமானம். அக்காவிடம் சொல்லவில்லை. ஊர் ஊராக அலைகிறேனே தவிர, போயிட்டு வரேன் என்று ஒருவரிடம் முகம் பார்த்துச் சொல்ல இன்னும் வரவில்லை. விடியுமுன் சாவியை வைத்துவிட்டு நழுவிவிடலாம் என்றிருந்தேன்.

"யாரைக் கேட்டு என் பையைத் தொட்டீங்க?" கத்திவிட்டேன்.

அக்கா கோபப்படவில்லை. "பூசணம் பிடிச்சு நாறுதும்மா. போற ஊருக்கு இப்படியா கொண்டுபோவ?"

"போறேன்னு யார் சொன்னா?"

"அலமாக், நீ டாக்சிக்கு சொன்ன ஆளு என் தம்பிலா!"

என்னைப் போகவிடாமல் செய்யத்தான் பையை நனைத்தார் என்று நினைத்துக்கொண்டே அறைக்குள் போனேன். கட்டில்மேல் அக்காவின் மகளுடைய சக்கரப்பெட்டி திறந்திருந்தது. என் துணிகள் எல்லாம் அதில் மடித்து அடுக்கியிருந்தன. மேலே ஒரு டப்பா நெத்திலி சம்பல்.

பின்னாலேயே வந்தவர் சொன்னார், "மழைக்காலம், பை காயாது. இத எடுத்துட்டுப் போ. திருப்பிக் கொடுக்கவாவது வருவல்ல?"

அப்படியே கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். அக்கா தலையைத் தடவிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

சாப்பிடும்போது அவர் எதிரிலேயே தம்பிக்குப் போன் போட்டு, நாளைக்குப் போகவில்லை, டாக்சி வேண்டாம் என்றேன். அக்கா என் தட்டில் இன்னொரு மீன் துண்டை வைத்துவிட்டு, "முள்ளு இருக்கும், பார்த்துச் சாப்பிடு" என்றார்.