மியூனிக்கிலிருந்து லிஸ்பனுக்கு மூன்றேகால் மணி நேரம்

ஜூன் 9, திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. ஏழரைக்கு லிஸ்பனிலிருந்து போன், அங்கே படிக்கிற சின்ன மகள் நான்சியின் அறைத்தோழி. சின்னவளுக்குக் குடல்வால் வெடித்து அவசர ஆபரேஷன். முடிந்துவிட்டதாம். இன்னும் மயக்கம் தெளியவில்லையாம். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் அருள், வைட்ஃபீல்ட் போகிற ஆபீஸ் வேனை ஓரம் கட்டிவிட்டுப் பேசினார். "நாம கிளம்பணும்னா விசாவுக்கே வாரக்கணக்காகும். பெரியவகிட்ட சொல்லிப் பாரு."

பெரியவள் ஸ்டெல்லா மியூனிக்கில் நர்ஸ். தன் கல்யாணத்துக்குத் தங்கை பரீட்சை என்று வராததிலிருந்து இரண்டு வருடமாகப் பேச்சில்லை. சொல்லி முடித்தேன். பிறகு ஒன்று மட்டும் கேட்டாள்: "எந்த ஆஸ்பத்திரிம்மா?"

மத்தியானம் டிக்கெட்டை அனுப்பினாள். நாளைக் காலை விமானம். சாயந்திரம் அருள் மேப்பில் பார்த்தார். கிட்டத்தட்ட இரண்டாயிரம் கி.மீ. "இங்கேருந்து டெல்லியைவிடக் கொஞ்சம் தூரம். அவ்ளோதான்."

ஜூன் 10, செவ்வாய்

வெயில். பள்ளிக்கூட ஆபீசில் அட்மிஷன் கூட்டம். வேலை ஓடவில்லை. டிக்கெட்டில் புறப்பாடு 10.00, இறங்குவது 12.15. நம் நேரம் 1.30-க்கு ஏறினால் 3.45.

3.45. மெசேஜ் இல்லை.
4.00. போன் அணைத்தே இருக்கிறது.
4.20. அதே.

ஒருத்திக்காக இன்னொருத்தியை அனுப்பி... எழுதவே பயம்.

சமூக அறிவியல் எடுக்கும் கீதா மிஸ் என் முகத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட்டை வாங்கிப் பார்த்தார். கன்னடக்காரர், என்னிடம் தமிழில்தான் பேசுவார். "லிஸ்பன் டைம் ஒன் அவர் பின்னாடி மேடம். இதுல ஒவ்வொண்ணும் அந்தந்த ஊர் டைம். மொத்தம் மூணேகால் அவர். உங்க பொண்ணு இன்னும் மேலதான் இருக்கா. தண்ணி குடிங்க."

4.52. "இறங்கிட்டேன்ம்மா." அழுதுவிட்டேன். கீதா மிஸ் பக்கத்திலேயே நின்றார்.

ஜூன் 11, புதன்

ஞாயிறு பூசையில் நன்றி சொல்ல: ஆம்புலன்ஸ் கூப்பிட்ட அறைத்தோழி. பேர் தெரியாத டாக்டர். கேட்டதும் லீவு கொடுத்த ஸ்டெல்லாவின் வார்டு மேடம். கீதா மிஸ்.

நான்சிக்குக் காய்ச்சல் இறங்கியிருக்கிறது. சாயந்திரம் ஸ்டெல்லா வீடியோவில் காட்டினாள். உதடெல்லாம் காய்ந்து போய், என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தாள்.

பேசி முடித்த ஸ்டெல்லா போனை அணைக்காமல் மேசையில் வைத்துவிட்டாள் போல. ஆஸ்பத்திரிக் கூரை மட்டும் தெரிந்தது. குரல் கேட்டது.

"ரெண்டு நாளா வலி இருந்திருக்கு. எனக்கு ஒரு போன் பண்ணக்கூடாதாடி?"

"நீ எடுக்கமாட்டேன்னு நினைச்சேன்."

"எடுத்திருப்பேன்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிறகு ஸ்டெல்லா, "அழாத, தையல் இழுக்கும்."

"நீ மொதல்ல அழாத."

அருள் செருப்பைக் கழற்றிக்கொண்டே "யாரு?" என்றார். வாயில் விரல் வைத்துக் காட்டினேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அந்தக் கூரையைப் பார்த்தபடி இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.