வயல் விளக்கு அணையாதது குறித்து

அனுப்புநர்:
கடைமடை வயல்காரி,
முலாம் பட்டறைக்குப் பின்புறம்.

பெறுநர்:
மண்வள அதிகாரி அவர்கள்,
மண் பரிசோதனை அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: எங்கள் வயல் அரிசியைச் சாப்பிடலாமா என்று பரிசோதித்துச் சொல்லக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பட்டறைக் கழிவால் கெட்ட எங்கள் வயலில், மூன்று வருடம் முன்பு தங்கள் அலுவலகத்தார் சேற்றுக்குள் மின்சாரம் கடத்தும் கரித்துணி புதைத்து, வயர் இழுத்து, கம்பத்தில் ஒரு சின்ன விளக்கு மாட்டினார்கள். சேற்றிலுள்ள நுண்ணுயிர்கள் மின்சாரம் கொடுக்கும், அந்த வேலையிலேயே மண்ணின் நச்சும் குறையும் என்றார்கள். நல்ல காரியம் என்று நானும் கையெழுத்துப் போட்டேன்.

2. கூடவே சிவப்புப் பலகையும் நட்டார்கள்: "ஆய்வு வயல். விளைச்சல் விற்பனைக்கு அல்ல." விளக்கு அணைந்தால் நச்சு தீர்ந்ததாகக் கொண்டு, பலகையை எடுத்துச் சான்றிதழ் தருவதாக விதி.

3. விளக்கு அணையவில்லை ஐயா. அதை மாட்டிய ஆராய்ச்சிப் பெண்ணிடம் போனில் கேட்டேன். நெல்லின் வேர்தான் அந்த உயிர்களுக்குத் தீனி, பயிர் செழித்தால் விளக்கும் எரியும், மண் சுத்தமா என்பதை விளக்கு சொல்லாது என்றாள். விதி எழுதியவரிடம் இதைச் சொன்னாளாம். அவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

4. ஒரு போகம் முழுக்க நடாமல் விட்டால் விளக்கு அணையும். எங்கள் அடுப்பும் அணையும்.

5. மில்காரர் விற்க என்றால் பலகையைக் காட்டுகிறார், வீட்டுக்கு என்றால் அரைத்துத் தருகிறார். விற்காத மூட்டைகள் நடு அறையை அடைத்துக்கொண்டிருக்கின்றன. ஏழு மாதக் கர்ப்பிணியான என் மருமகள் அவற்றின் இடுக்கில் ஒருக்களித்துப் படுக்கிறாள். வேறு வழியில்லாமல் அந்த அரிசியைத்தான் அவளும் சாப்பிடுகிறாள். சாதம் போடும்போது ஒரு கரண்டி குறைத்தே போடுகிறேன்.

6. தங்கள் அலுவலகத்தில் ஒன்பது முறை ஏறி இறங்கிவிட்டேன். கடைசி முறை எழுத்தர் இரக்கப்பட்டு, "வயரைக் கத்தரிச்சுட்டு வாங்கம்மா, அணைஞ்சு போச்சுன்னு எழுதிக்கிறேன்" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. கத்தரிக்கோலோடு முழங்கால் சேற்றில் இறங்கி நின்றவள்தான் நானும். வெட்டினால் மறுநாளே மூட்டை விலை போகும். என் வீட்டில் ஒருத்தி பயந்து சாப்பிடுவதை ஊரில் எத்தனையோ பேர் பயமில்லாமல் சாப்பிடுவார்கள். மனம் வரவில்லை, கரையேறிவிட்டேன்.

7. ஆகவே விளக்கைப் பார்க்காமல் மண்ணையும் அரிசியையும் பரிசோதித்து, கூடும், கூடாது என்று ஒரு வார்த்தை எழுதித் தர வேண்டுகிறேன். கூடாது என்றால் பலகையை எழுத்துத் தெரியும்படி நானே துடைத்து வைக்கிறேன். பதில் பிரசவத்துக்கு முன் வரவேண்டும். மீண்டும் கத்தரிக்கோலை எடுக்கமாட்டேன் என்று என்னால் உறுதி சொல்ல முடியவில்லை.

இடம்: வயல் வீடு
நாள்: நடவுக்கு முந்தைய திங்கள்

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காக உலையை வைத்துக் காத்திருக்கும்
(கையொப்பம்)

இணைப்பு: வயல் மண் ஒரு பொட்டலம். இன்று மருமகளுக்கு அளந்ததிலிருந்து ஒரு பிடி அரிசி. திருப்பித் தர வேண்டாம்.