நானே அடித்த வரி

என் கண்மணிக்கு அம்மா எழுதுவது. நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே நலமாயிருக்க, தினமும் பிரார்த்தனையில் உங்கள் மூவர் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், புற்றுநோய் இல்லை. போன மாதம் பிரஷர் மாத்திரை வாங்கப் போனபோது நர்ஸம்மா, கருப்பைவாய்ப் பரிசோதனை கடைசியா எப்ப செஞ்சீங்க என்று கேட்டாள். யாருக்கு எந்த ஊசி, எந்தப் பரிசோதனை என்று தேதி போட்டு நான் எழுதும் நோட்டு உனக்குத் தெரியுமே, பையிலிருந்து அதை எடுத்துப் பார்த்தால், உன் அப்பா காலமான மறுமாதம், இனி எனக்கெதற்கு என்று அந்த வரியை நானே ஸ்கேல் வைத்து அடித்திருக்கிறேன். ஒன்பது வருஷம். இந்தப் புற்றைக் கொண்டுவர்ற கிருமி புருஷன் பொண்டாட்டி உறவுல தொத்திக்கிட்டு, சத்தமில்லாம வருஷக்கணக்கா உள்ளேயே உக்காந்திருக்கும்மா, வீட்டுக்காரர் போனா அதுவும் கூடவே கிளம்பிடுமா என்று நர்ஸம்மா தலையிலடித்துக்கொண்டாள். எனக்கு வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

பரிசோதனை ஐந்து நிமிஷம்கூட இல்லை, வலியைவிடக் கூச்சம்தான் அதிகம். முடிவு வந்தது, அங்கே செல்கள் மாறத் தொடங்கியிருக்கின்றனவாம். விட்டுவைத்தால் புற்றாகலாம், இப்போதே அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டால் அன்றைக்கே வீட்டுக்கு வரலாம் என்கிறார் டாக்டரம்மா. வியாழன் காலை பத்து மணிக்கு. அதைக் கேட்டுவிட்டு வந்து கதவைத் திறந்தால் சொல்ல ஆளில்லை. ஒரு சத்தமாவது இருக்கட்டும் என்று உன் அறை மின்விசிறியைப் போட்டு அதன் கீழே உட்கார்ந்திருந்தேன்.

படிவத்தில் உடன் வருபவர் என்ற இடத்தில் கடவுள் என்று எழுதினேன், பொய்யில்லையே. அவர் வருவாரும்மா, வீடு வரைக்கும் கைத்தாங்கலா ஒரு ஆளும் வேணுமே என்றாள் நர்ஸம்மா. கீழ்வீட்டுத் தையல்காரியிடம் கேட்க மூன்று நாள் பாதிப் படி இறங்கித் திரும்பினேன். நேற்று கேட்டதும், இதுக்கா இவ்ளோ யோசனை, மெஷினை மூடிட்டு வர்றேன்க்கா என்றாள். இருந்தாலும் அங்கே உன் பெயரை எழுத மனசு அடித்துக்கொண்டது.

உனக்கு முப்பத்திரண்டு ஆகிறது, ஒருமுறையாவது செய்தாயா? தொந்தரவு ஒன்றுமில்லையே என்று சொல்லாதே, எனக்கும் ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. குட்டிக்கு ஒன்பது வயது முடிந்ததும் அந்தக் கிருமிக்கான தடுப்பூசியைப் போட்டுவிடு.

இது உன் கைக்கு வரும்போது வியாழன் போயிருக்கும். நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடிவரக் கூடாதென்று வேண்டுமென்றேதான் தபாலில் போடுகிறேன். கோபம் வரும், வரட்டும். அந்தக் கோபத்தோடேயே போய் உன் பரிசோதனைக்குத் தேதி வாங்கிவிட்டு, அப்புறம் கூப்பிட்டு என்னைத் திட்டு.

கடவுள் உங்களைக் கைவிடமாட்டார்.

உன் திட்டுக்குக் காத்திருக்கும்
அம்மா